எல்லை கடந்த நெல்

மலேசியத் தமிழர்களின் இல்லங்களில் சோறு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பொன்னி அரிசி. பொன்னி என்பது காவிரி ஆற்றின் மற்றொரு பெயர். ஆகவே, அந்த அரிசி காவிரிக் கரையிலேயே தோன்றித் தொன்றுதொட்டு விளைந்து வருவது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. பொன்னி நெல்லின் வழிமரபைத் தேடிச் சென்றால், அது மலேசியாவில் வந்து நிற்கிறது. 1965-ஆம் ஆண்டு இந்நாட்டில் வெளியிடப்பட்ட மஹ்சூரி என்னும் நெல்லிரகத்திலிருந்து வந்ததே பொன்னி.

லங்காவித் தீவின் பழங்கதையில் வரும் மஹ்சூரியின் பெயரைத் தாங்கிய இந்த நெல், கடல் கடந்து இந்தியா சென்றது. அங்கே புதிய இரகங்களுக்குத் தாயானது. கடைகளில் காணும் ‘சோனா மசூரி’, ‘சம்பா மசூரி’ ஆகிய பெயர்களில் உள்ள ‘மசூரி’ என்ற சொல், மஹ்சூரி மருவி வந்ததுதான். இந்த நெல்லின் பயணத்தை அறிந்தால், பொதுமக்களின் பணத்தில் நடைபெறும் பயிர் ஆராய்ச்சி யாருக்காக, எப்படி நடக்கிறது என்பதும் விளங்கும்.

பஞ்சம் கற்பித்த பாடம்

1943-ஆம் ஆண்டு வங்காளத்தில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. இலட்சக்கணக்கான மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதன்பின், 1946-ஆம் ஆண்டு இந்தியாவின் ஒடிசா மாநிலத்திலுள்ள கட்டாக் நகரில் நடுவண் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஆசிய நாடுகள் பலவும் அக்காலத்தில் ஒரே சிக்கலை எதிர்கொண்டன. மக்கள்தொகை பெருகியது, நெல் விளைச்சலோ அதற்கு ஈடாகப் பெருகவில்லை.

வெப்ப மண்டலத்தில் விளையும் நெல்வகைகள் ‘இண்டிகா’ எனப்படும். இவை மழையையும் வெயிலையும் உள்ளூர்ப் பூச்சிகளையும் தாங்கி வளரும். ஆயினும், இவற்றின் தண்டு உயரமானது, மெலிந்தது. உரத்தைச் சற்றே கூடுதலாக இட்டால் பயிர் ஓங்கி வளர்ந்து, கதிரின் சுமை தாளாமல் சாய்ந்துவிடும். ஜப்பான், தைவான் போன்ற இடங்களில் விளைந்த ‘ஜப்போனிகா’ வகைகளோ குட்டையானவை. உரத்தை ஏற்றுக் கூடுதல் மணிகளைத் தருபவை. ஆனால், அவை வெப்ப மண்டலத்தில் செழிப்பதில்லை. இவ்விரண்டின் நல்ல பண்புகளையும் ஒரே பயிரில் சேர்க்க முடியுமா என்பதே அன்றைய கேள்வி.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் இதற்காக 1950-ஆம் ஆண்டில் ஒரு கூட்டுத் திட்டத்தை வகுத்தது. ஆசிய நாடுகள் தத்தம் சிறந்த நெல்வகைகளைக் கட்டாக்கிற்கு அனுப்பின. அங்கே அவை ஜப்போனிகா வகைகளோடு ஒட்டுச் சேர்க்கப்பட்டன. பின்னர், அந்தக் கலப்பு விதைகள் அந்தந்த நாட்டிற்கே திருப்பி அனுப்பப்பட்டன. ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் அவற்றை விதைத்து, தலைமுறை தலைமுறையாகச் சோதித்து, தனக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

முயற்சி எளிதாக இருக்கவில்லை. இண்டிகாவும் ஜப்போனிகாவும் மரபுவழியில் வேறுபட்டவை. ஆதலால், கலப்புப் பயிர்களில் பல, மணி பிடிக்காமல் பதராகவே நின்றன. பல நாடுகள் பங்கேற்ற அத்திட்டத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க இரகங்களே தேறின. தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆடுதுறை 27 அவற்றுள் ஒன்று. மலேசியாவில் 1964-இல் வெளியிடப்பட்ட மாலிஞ்சாவும் அடுத்த ஆண்டு வெளியிடப்பட்ட மஹ்சூரியும் மற்றவை. ‘மாயாங் எபோஸ் 80’ என்னும் உள்ளூர் நெல்லும் ‘தைச்சுங் 65’ என்னும் தைவான் நெல்லும் சேர்ந்து பிறந்ததே மஹ்சூரி. ஆண்டிற்கு ஒரு போகம் மட்டுமே விளைந்த வயல்களில் இரு போகம் பயிரிட ஏற்ற இரகங்களாக இவை கருதப்பட்டன.

உழவர் கைவழிப் பரவிய விதை

மஹ்சூரி 1960-களின் பிற்பகுதியில் இந்தியாவை அடைந்தது. அங்கே அதிகாரப்பூர்வச் சோதனைகளில் அதற்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. பயிர் சாய்கிறது என்பது குறையாகச் சொல்லப்பட்டது. ஆனால், உழவர்கள் வேறு விதமாக எடை போட்டார்கள். சோறு மென்மையாகவும் சுவையாகவும் இருந்தது. அதிக உரம் வாங்க வசதியில்லாதவரின் வயலிலும் அது ஓரளவு விளைந்தது. வைக்கோலும் மாட்டுக்கு நிறையக் கிடைத்தது. ஆகவே, விதை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, ஊர் விட்டு ஊர் பரவியது. ஆய்வாளர்கள் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஆந்திராவின் கோதாவரிப் பகுதியில் மாருடேறு என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள அரசு நெல் ஆராய்ச்சி நிலையத்தார், வசிஷ்டா என்னும் இரகத்தை மஹ்சூரியோடு சேர்த்து ஒரு புதிய நெல்லை உருவாக்கினர். ‘எம்.டி.யு. 7029’ என்று எண்ணிடப்பட்ட அந்நெல், 1982-ஆம் ஆண்டு ‘சுவர்ணா’ என்ற பெயரில் வெளிவந்தது. குறைந்த உரத்திலும் நல்ல விளைச்சல் தந்ததால், கிழக்கிந்திய மாநிலங்களின் சிறு உழவர்கள் அதை விரும்பி ஏற்றனர். அரசு அறிவிப்பு எதுவுமின்றியே அது எல்லை கடந்து வங்காளதேச வயல்களையும் அடைந்தது.

தண்ணீரில் மூழ்கும் பயிர்

சுவர்ணாவுக்கு ஒரு குறை இருந்தது. வெள்ளத்தை அதனால் தாங்க முடியவில்லை.

நெல் நீரில் வளரும் பயிர்தானே, அதற்கு வெள்ளத்தால் என்ன கேடு என்று தோன்றலாம். நெல்லின் வேர் நீரில் நிற்கலாம். இலை நுனிவரை மூழ்கிவிட்டால் பயிர் மூச்சுத் திணறும். காற்றும் ஒளியும் போதிய அளவு கிட்டா. அந்நிலையில் சாதாரண நெற்பயிர் நீர்மட்டத்திற்கு மேலே தலைநீட்ட முயன்று வேகமாக உயர்கிறது. அந்த வளர்ச்சிக்காகத் தான் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தையெல்லாம் செலவழிக்கிறது. வெள்ளம் ஒரு வாரத்திற்கு மேல் நீடித்தால், சேமிப்பு தீர்ந்து, பயிர் அழுகத் தொடங்குகிறது. நீர் வடிந்த பின் வயலில் எஞ்சுவது துவண்டு கிடக்கும் தாள்கள் மட்டுமே.

ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களிலும் வங்காளதேசத்திலும் பருவமழைக் காலத்தில் இந்த இழப்பு அடிக்கடி நேரும். கடன் வாங்கி நட்ட நாற்று மூழ்கிப் போனால், மறுபடி நடுவதற்கு விதையும் இருக்காது, காலமும் இருக்காது. வயலில் உணவும் போய், கையில் கடன் மட்டும் நிற்கும்.

பழைய நெல் தந்த விடை

இச்சிக்கலுக்கு விடை ஒடிசாவிலேயே இருந்தது. அங்குள்ள உழவர்கள் வெள்ளம் புகும் வயல்களில் பயிரிட்டு வந்த உள்ளூர் நெல் ஒன்றிலிருந்து, ‘எஃப்.ஆர். 13ஏ’ என்னும் இரகம் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. அப்பெயரின் முதலிரு எழுத்துகள் வெள்ளத்தைத் தாங்கும் என்ற பொருளை உணர்த்துவன. ஏறத்தாழ இரண்டு வாரம் முழுமையாக மூழ்கிக் கிடந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும். ஆனால், அதன் விளைச்சல் குறைவு. எனவே, அதனைப் பயிரிட ஆர்வம் காட்டியவர் சிலரே.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பான்யோஸ் நகரில் 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம், உலகின் பல பகுதிகளிலிருந்து நெல்வகைகளைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறது. இன்று அதன் விதைக் களஞ்சியத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. அங்கே 1970-களில் ஆயிரக்கணக்கான நெல்வகைகளை நீரில் மூழ்கவைத்துச் சோதித்தபோது, எஃப்.ஆர். 13ஏ-யின் ஆற்றல் தனித்துத் தெரிந்தது. உடனே அதனை உயர் விளைச்சல் இரகங்களோடு சேர்க்கும் முயற்சிகள் தொடங்கின. பிறந்த பயிர்கள் வெள்ளத்தைத் தாங்கின. ஆனால், விளைச்சலும் சோற்றின் தரமும் உழவர்களுக்கு மனநிறைவு தரவில்லை. வேண்டிய ஒரு பண்போடு வேண்டாத பல பண்புகளும் கூடவே வந்ததுதான் காரணம்.

ஆகவே, அந்த ஒரு பண்பு பயிரின் எந்த மரபணுவில் இருக்கிறது என்று அறிவது தேவையாயிற்று. டேவிட் மெக்கில், கெனோங் சூ ஆகிய ஆய்வாளர்கள் அது நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் இருப்பதை 1990-களில் கண்டறிந்தனர். பமெலா ரொனால்ட் உள்ளிட்ட அறிவியலாளர்களோடு இணைந்து அவர்கள் தொடர்ந்து உழைத்ததன் பயனாக, 2006-ஆம் ஆண்டு அந்த மரபணு அடையாளம் காணப்பட்டு உலகிற்கு அறிவிக்கப்பட்டது. மரபணு இருக்கும் அப்பகுதிக்குச் ‘சப்-1’ என்று பெயர்.

சப்-1 செய்யும் வேலை வியப்புக்குரியது. அது பயிரை வெள்ளத்தோடு போராட விடுவதில்லை, அடங்கியிருக்கச் செய்கிறது. மூழ்கியதும் பயிர் உயர்ந்து வளர்வதை நிறுத்திக்கொள்கிறது. மாவுச்சத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. நீர் வடிந்ததும், எஞ்சிய சேமிப்பைக் கொண்டு மீண்டும் துளிர்க்கிறது.

ஒரே ஒரு பண்பை மாற்றும் கலை

அடுத்து எழுந்த கேள்வி, இந்த மரபணுவை எந்த நெல்லில் சேர்ப்பது என்பது. ஆய்வாளர்கள் புதிய நெல்லொன்றை உருவாக்கி உழவர்களிடம் திணிக்க முற்படவில்லை. உழவர்கள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிட்ட சுவர்ணாவையே தேர்ந்தெடுத்தனர். அதன் சுவையும் விளைச்சலும் அப்படியே இருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்கும் பண்பு மட்டும் சேர வேண்டும்.

இதற்குப் பின்பற்றிய முறை இதுதான். முதலில் சுவர்ணாவையும் சப்-1 உள்ள நெல்லையும் ஒட்டுச் சேர்த்தனர். பிறந்த பயிரில் இரண்டின் பங்கும் சரிபாதி. அதனை மீண்டும் சுவர்ணாவோடு சேர்த்தால், மற்ற நெல்லின் பங்கு சராசரியாகக் கால்பங்காகும். மறுபடியும் சேர்த்தால் அரைக்கால் பங்காகும். இவ்வாறு ஒவ்வொரு தலைமுறையிலும் சுவர்ணாவின் பண்புகள் கூடிக்கொண்டே வரும். இளம் நாற்றின் இலையில் சிறு துணுக்கை எடுத்து, அதன் மரபணுக் குறியீடுகளை ஆய்வகத்தில் சோதித்தால், எந்த நாற்றில் சப்-1 இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வெள்ளத்தில் மூழ்கவைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. இதில் வேற்று உயிரினத்தின் மரபணு எதுவும் சேர்க்கப்படவில்லை. நெல்லோடு நெல்லே சேர்க்கப்பட்டது.

இவ்வாறு உருவான சுவர்ணா-சப்-1 நெல், 2009-ஆம் ஆண்டு இந்தியாவிலும் 2010-ஆம் ஆண்டு வங்காளதேசத்திலும் உழவர்களுக்காக வெளியிடப்பட்டது. மலேசியாவின் மஹ்சூரி, ஆந்திராவின் சுவர்ணா, ஒடிசா உழவரின் பழைய நெல், பிலிப்பைன்ஸின் ஆய்வகம் ஆகிய நான்கும் இந்த ஒரு விதையில் சந்தித்தன.

பயன் யாரைச் சென்றடைந்தது?

புதிய கண்டுபிடிப்பு எதுவானாலும் வசதியுள்ளவரே முதலில் பயன் பெறுவர் என்பது பொதுவான அனுபவம். சுவர்ணா-சப்-1 அப்படித்தான் ஆனதா? இதை அறிய, பொருளியல் ஆய்வாளர்கள் ஒடிசாவில் 128 ஊர்களைத் தெரிவுசெய்தனர். குலுக்கல் முறையில் சில ஊர்களின் உழவர்களுக்கு மட்டும் 5 கிலோ விதைப் பைகளைக் கொடுத்து, மற்ற ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். பத்து நாள் மூழ்கிய வயல்களில், சுவர்ணா-சப்-1 பழைய சுவர்ணாவைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதலாக விளைந்ததை அவர்கள் கண்டனர். வெள்ளம் வராத வயல்களில் விளைச்சல் குறையவும் இல்லை.

அந்த ஆய்வில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. சமூகத்தில் நெடுங்காலம் ஒடுக்கப்பட்டு வந்த பட்டியல் இனத்தவரின் நிலங்களே பெரும்பாலும் தாழ்வான, வெள்ளம் தேங்கும் இடங்களில் இருந்தன. மேட்டு நிலம் ஒருவருக்கும் பள்ளத்து நிலம் மற்றொருவருக்கும் வாய்த்தது தற்செயலாக நிகழ்ந்ததன்று. அது பழைய சமூக ஏற்றத்தாழ்வின் விளைவு. எனவே, வெள்ளத்தைத் தாங்கும் நெல் அவர்களுக்கே மிகுதியாகப் பயன் தரக்கூடியதாக இருந்தது. பிறர் வேண்டாம் என ஒதுக்கிய நிலத்தை நம்பி வாழ்ந்தவருக்கு, ஒரு விதை கைகொடுத்தது.

இன்னொரு மாற்றமும் தெரிந்தது. வெள்ளம் வந்தாலும் முழு இழப்பு நேராது என்ற நம்பிக்கை பிறந்ததும், உழவர்கள் துணிந்து செயல்பட்டனர். விதையைத் தூவி விடாமல் நாற்று நட்டனர். உரத்திற்குக் கூடுதலாகச் செலவிட்டனர். ஏழை உழவர் புதிய முறைகளைப் பின்பற்றாமல் இருப்பதற்கு அறியாமையைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. இழப்பைத் தாங்கும் வசதியில்லாமையே உண்மைக் காரணமாக இருக்கலாம் என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது.

பொதுப்பணம் ஏன் தேவை?

இத்தகைய விதையைத் தனியார் நிறுவனங்களே உருவாக்கி விற்கலாமே என்று கேட்கலாம். நெல்லின் இயல்பே இதற்கு விடை கூறுகிறது. நெல், தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஆகவே, நல்ல விதையை ஒருமுறை வாங்கிய உழவர், தம் விளைச்சலிலிருந்தே அடுத்த ஆண்டிற்கான விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். உழவருக்கு இது பெரும் நன்மை. ஆனால், ஆண்டுதோறும் விதை விற்றால்தான் இலாபம் என்னும் நிறுவனத்திற்கு இதில் நாட்டம் குறைவு. வீரிய ஒட்டு விதைகளை ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக வாங்க வேண்டும் என்பதால், தனியார் முதலீடு பெரும்பாலும் அவற்றையே நாடுகிறது.

ஆகவே, ஏழை உழவருக்குத் தேவைப்படும் விதையை உருவாக்கும் பொறுப்பு அரசு நிலையங்களையும் பன்னாட்டு ஆராய்ச்சிக் கழகங்களையும் சார்ந்தது. மலேசியாவில் 1969-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மார்டி எனப்படும் மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் இப்பணியைச் செய்து வருகிறது. அது 2001-இல் வெளியிட்ட ‘எம்.ஆர். 219’ நெல், நாட்டின் வயல்களில் பரவலாகப் பயிரிடப்பட்டது.

எனினும், அரசு நிலையம் எடுக்கும் முடிவெல்லாம் சரியாகிவிடாது. மஹ்சூரியைக் குறைத்து மதிப்பிட்டவை அரசுச் சோதனைகளே. அதன் அருமையைக் கண்டவர் உழவர். உழவரின் வயலையும் சுவையையும் தேவையையும் கேட்டறியாமல் உருவாக்கப்படும் விதை, களஞ்சியத்திலேயே தங்கிவிடும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி, பொதுமக்களின் குரலுக்கும் செவிசாய்க்க வேண்டும்.

முடியாத பணி

சுவர்ணா-சப்-1 எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடவில்லை. இரண்டு வாரத்திற்கு மேல் மூழ்கிக் கிடந்தால் அதுவும் அழியும். மார்பளவு நீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் வயலுக்கும் உப்பு நீர் புகும் கடலோர வயலுக்கும் வேறு பண்புகள் கொண்ட நெல் வேண்டும். நல்ல விதை உருவானாலும், அது உரிய காலத்தில், உரிய விலையில் சிற்றூர்வரை சென்று சேர்ந்தால்தான் பயன்.

அந்தப் புதிய பண்புகளை எங்கே தேடுவது? முன்னோர் பயிரிட்ட நாட்டு இரகங்களில்தான். விளைச்சல் குறைவு என்று எஃப்.ஆர். 13ஏ-யை அன்று எல்லாரும் கைவிட்டிருந்தால், சப்-1 இன்று கிடைத்திருக்காது. இதனால்தான் பயிர்களின் மரபுவளங்களைப் பாதுகாத்து நாடுகள் தமக்குள் பகிர்ந்துகொள்வதற்கான அனைத்துலக உடன்படிக்கை ஒன்று 2004-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எந்த நாடும் தனக்குத் தேவையான எல்லா விதைகளையும் தன் எல்லைக்குள்ளேயே வைத்திருக்கவில்லை. மலேசியா கொடுத்தது, இந்தியா வளர்த்தது, பிலிப்பைன்ஸில் அது மெருகேறியது, வங்காளதேசத்து உழவரும் அறுவடை செய்தார். பகிர்ந்ததால் எவருக்கும் விதை குறையவில்லை.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. மஹ்சூரி நெல் இந்தியாவில் பரவியதற்கு உழவர்கள் எவ்வாறு காரணமாயினர்?
2. வெள்ளத்தில் மூழ்கும்போது சாதாரண நெற்பயிரும் சப்-1 உள்ள நெற்பயிரும் எவ்வாறு வேறுபட்டு இயங்குகின்றன?
3. வெள்ளத்தைத் தாங்கும் நெல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மிகுதியாகப் பயன் தரக்கூடியதாக இருந்தது ஏன்?
4. ‘ஏழை உழவருக்கான விதை ஆராய்ச்சியை அரசே மேற்கொள்ள வேண்டும்.’ இக்கருத்தை ஒட்டியும் வெட்டியும் குழுவில் விவாதித்திடுக.
5. உங்கள் வீட்டில் பயன்படுத்தும் அரிசியின் பெயரையும் அது விளையும் நாட்டையும் கண்டறிந்து, வகுப்பில் படைத்திடுக.